மணி மீட்டர்

கொரடாச்சேரி ஷெட்டில்
அறுப்பு மெஷினின் மணி மீட்டரை
ராத்திரி டார்ச் அடித்துக் குறிப்பது என் வேலை.
டிரைவர் சொல்லும் மணியும் மீட்டர் மணியும்
ஒத்துப்போன நாள் குறைவு.

பைலட் பள்ளிகளும் மணிக்கணக்கில்தான் விற்கின்றன.
இருநூறு மணி, மணிக்குப் பதினைந்தாயிரம்.
எங்கள் மெஷினுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
அங்கே வானத்தில் ஒரு மணி
இங்கே சேற்றில் ஆறு.
டீசல், பேட்டா கழித்தால்…
கழிக்காமல் நோட்டை மூடினேன்.

ஒன்றேகால் கோடி கட்டு,
வேலை வரை எங்கள் பொறுப்பு என்றது ஒரு கம்பெனி.
நேராக வெட்டிய வாய்க்கால்தான்.
தலைப்பு ஷட்டர் அவர்கள் கையில்.

இன்னொரு வழி வெண்ணாறு மாதிரி:
முதலில் கண், காது, இதயம் காட்டி மெடிக்கல்,
வீட்டிலிருந்தே பரீட்சைகள்,
பணம் வரும்போது பறப்பது.

வடக்கே ஒரு பள்ளிக்குப் போனோம்.
"பதினொரு விமானம்" என்றார் மேனேஜர், அப்பாவைப் பார்த்து.
ஹாங்கரில் ஒவ்வொரு டயராகக் குனிந்தேன்.
நான்கில்தான் தூசி இல்லை.
ஒன்றின் எஞ்சின் மூடிக்குள் குருவி முட்டை.
"பார்ட்ஸ் வரணும்"
நாங்கள் வயல்காரர்களிடம் சொல்லும் அதே குரல்.

"தரையில் ஊரும்போதும் மீட்டர் ஓடுமா?"
அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.
"ஓடும்."
"ரன்வே முனைக்கு எவ்வளவு தூரம்?"
டீ வரவழைத்தார்.

குறுவை அறுப்பு முடிந்ததும் மெடிக்கல்.
வானிலைப் புத்தகத்தில் நாற்பது பக்கம் பாக்கி.
ஏழு புள்ளி மூன்று என்கிறது மீட்டர்.
எட்டு என்கிறார் டிரைவர்,
கையில் டிபன் கேரியரோடு.