எதைக் கொண்டு திறப்பது

பிர்னோ நகரத்து ட்ராம் பணிமனையில்
இரவுப் பணி ஒட்டீலியேவுக்கு.
கால அட்டவணை வரைகிற பழைய மென்பொருளை
அக்டோபரிலேயே நீக்கியாயிற்று.
ஒற்றைக் கட்டளை. ஆமென ஓர் எழுத்து.
முந்நூறு மெகாபைட் இடம் மிச்சம் என்றது கணினி,
ஏதோ கடன் அடைந்தாற்போல.

கோப்புகளுக்குத்தான் சேதி போகவில்லை.
இருமுறை சொடுக்கினால்
இன்னும் அதன் பேரைச் சொல்லியே கூப்பிடுகின்றன.
கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை.
சுட்டியருகே ஒரு வட்டம் சுற்றுகிறது,
நிற்கிறது.
மன்னிப்புக்கூடக் கிடையாது.

லினக்ஸில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால்
கோப்புறை கண்ணுக்குத் தெரியாது.
(எங்கள் எழுத்தில் புள்ளி தலைமேல் ஏறும்,
ஏறினால் உயிர் போகும்.
அவளுக்கு இது தெரியாது. சொல்ல நான் அங்கில்லை.)

அப்படி மறைந்த உறைகளுக்குள் இறங்குகிறாள்.
தெர்மாஸில் முட்டைக்கோஸ் சூப்.
வெளியே பனிவாரி வண்டி தண்டவாளத்தைச் சுரண்டுகிறது.
ஓர் உரைக்கோப்பு: இந்த வகைக்கு இன்னார் என்று
வரிவரியாய் எழுதிவைத்த பட்டா.
படம் என்றால் இவர், பாட்டு என்றால் இவர்,
அட்டவணை என்றால்...
செத்தவர் பேரிலிருந்து இன்னும் மாறவில்லை.

ஏழு வரி. ஏழையும் அழித்தாள்.
ஐகானை மட்டும் போர்த்திக்கொண்டு குந்தியிருந்த
குறுக்குவழிக் கோப்பையும்.
தரவுத்தளத்தைப் புதுப்பிக்கச் சொன்னாள்.
பச்சை ட்ராம் படங்கள் ஒவ்வொன்றாய் வெளுத்து
வெறுந்தாள்களாயின.

சரிபார்க்க ஒன்றைச் சொடுக்கினாள்.
உரிமை கோர யாருமில்லாததால்
உரைத்திருத்தி வந்து திறந்தது,
பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, ஒன்றும் புரியாமல்.
கட்டம், கேள்விக்குறி, கட்டம், கட்டம்,
சுத்தியல் பட்ட கண்ணாடியாய் எழுத்து.
நடுவில் உடையாமல் ஒரு வரி, செக் மொழியில்:
"சனி காலை 6.40. கண் மருத்துவமனை நிறுத்தம்.
ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கவும்.
மூன்றாம் கதவில் சக்கர நாற்காலி. ஹினெக்."

ஹினெக் ஒஸ்த்ராவாவுக்கு மாற்றலாகி இரண்டு வருஷம்.
மென்பொருள் உயிரோடிருந்த காலத்தில்
அதன் திரையில் இந்தக் குறிப்பு
எங்கேயும் தெரிந்ததில்லை.

புதிய அட்டவணையைத் திறந்தாள்.
கண் மருத்துவமனை: இருபது நொடி.

யாரையும் கேட்கவில்லை.
இருபதை எண்பதாக்கினாள்.
அடுத்த நிறுத்தங்களெல்லாம் ஒரு நிமிடம் தள்ளிப்போயின,
முனகாமல்.

சூப் ஆறிவிட்டது.
இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு வெறுந்தாள்கள்.
அடுத்ததைச் சொடுக்குகிறாள்.