தரு

கச்சான் இன்னும் ஓயவில்லை.
ஆவணி பிறந்தும்
புழுதியும் உப்பும் சேர்த்தே வீசுகிறது.

சாம்பல்தீவுப் பாலத்தடியில் மறித்தார்கள்.
ஆட்டோவுக்கு வெளியே
ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது குழாய்:
ஐந்தடி, பிவிசி, உள்ளே கறுப்பு மை.
எவருக்கும் சந்தேகம் வரும்.
எனக்கே வரும்.

"மே மொகத்த?"
நிரஞ்சலாவுக்குச் சிங்களத்தில்
அந்த ஒரு சொல்தான் கைவசம்:
"தரு."
நமக்கு மரம்.
அவனுக்கு நட்சத்திரம்.

இறக்கச் சொன்னான். இறக்கினோம்.
பாலத்துக்கு மேலே, கடல் பக்கம், சனி.
என் கல்யாணப் பேச்சை
இரண்டு தரம் குழப்பிய அதே சனி.
ஃபைரூஸ் மூச்சை அடக்கிக் குழாயைத் திருப்பினான்.

காவலுக்கு நின்றவன் கண்ணை வைத்தான். எடுத்தான்.
குழாய் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினான்,
யாரோ படம் ஒட்டியிருக்கிறார்களென்று.
மறுபடி வைத்தான்.
பிறகு
தானாகவே போய்க்
காவலறை விளக்கை அணைத்தான்.

நிலாவெளிக்கு நாங்கள் போகவே இல்லை.
கொப்பியில் இப்படி இருக்கிறது:
இரவு 11.20. காற்று மோசம்.
வளையம் தெளிவு, விட்டுவிட்டு.
பார்த்தவர்கள் மூவர் என்று எழுதி,
வெட்டி,
நால்வர்.