எதிர்ப்பெட்டி

தீவுத்திடலில் பதினோரு மாதம் தீவு கிடையாது.
திடல்தான்.
பாலத்தைத் தாண்டுகிறோம் என்பதையே
மூக்கு சொன்னால்தான் தெரியும்.

கார்த்திகையில் கூவத்துக்கு ஞாபகம் வரும்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
முகத்துவாரத்தில் மணல் அள்ளிய பொக்லைன்
அள்ள அள்ளக் கடல் திரும்பக் கொட்டியதில்
கையை மடக்கிக்கொண்டு கரையேறிவிட்டது.
ஆறு போகப் பார்க்கிறது, அமாவாசைக் கடல் விடவில்லை,
நடுவில் நாங்கள்.

பொருட்காட்சிக்கு இன்னும் ஐந்து வாரம்.
அப்பளக் கடையின் தகரம்,
ஊறிப் பெருத்து
முன்னைவிடச் சாதுவாகிவிட்ட பேய் வீட்டுப் பேய்கள்,
மோட்டார் இன்னும் வந்து சேராத
எட்டுப் பெட்டி ராட்டினம்,
ஜைத்தூனின் மரணக் கிணறு.

பலகைக் கிணறு.
அதன் சுவரில் படுக்கைவாட்டில் வண்டி ஓட்டுவாள்.
மேலே விளிம்பிலிருந்து யாராவது பத்து ரூபாய் நீட்டினால்
இரண்டு கையையும் விட்டுவிட்டு வாங்கிக்கொள்வாள்.
அன்று ராத்திரி டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம்.
இடுப்பளவு தண்ணீர், ஒரு செருப்பு, ஒரு தவளை.
"இத்தினி வருஷத்துல இப்பதாங்க இது கெணறு" என்றாள்.
சிரிக்கவில்லை.

அவளுக்கென்று இருப்பது அந்தப் பழைய யெஸ்டி ஒன்றுதான்.
சைலன்சர் இல்லாத, பிரேக்கும் இல்லாத வண்டி.
சுவரில் ஓடுவதற்குப் பிரேக் எதற்கு?
கணுக்கால் வரை தண்ணீர் வந்தபோது
தார்ப்பாயைச் சுற்றினாள்.
முழங்காலைத் தொட்டபோது
ராட்டினத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

முதலாளிக்கு போன் போட்டேன்.
சேலத்தில் மழையே இல்லை என்றார்.

கீழ்ப்பெட்டியில் வண்டியைத் தூக்கி வைத்து
சணல் கயிற்றால் கட்டி
ஆளுக்கொரு கம்பியாய்ப் பிடித்துத் தொங்கி
சக்கரத்தைக் கையாலேயே சுற்றினோம்.
யெஸ்டி மெதுவாக,
முதன்முறை ராட்டினம் ஏறும் மாமியாரைப் போல
முனகிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.
பிரேக் கட்டை நனைந்து வழுக்கியது.
விட்டால் இறங்கிவிடும்.
பாரம் வேண்டும், எதிர்ப்பெட்டியில்.

இரண்டு மூட்டை சிமென்ட், கட்டியாகிப்போனது.
ஒரு சங்கிலி.
ஐம்பத்திரண்டு கிலோ நான்.

"சங்கிலி வாங்கிட்டு வந்துடறேன், சகாயம். பெருசா ஒண்ணு.
அது வரைக்கும் எந்திரிக்காத."
மன்றோ சிலைப் பக்கம் வெளிச்சத்தை நோக்கி
மார்பளவுத் தண்ணீரில் நடந்து போனாள்.
மணி பதினொன்றரை.

வாட்ச்மேன் வேலையில் எழுந்து நடக்கத்தான் சம்பளம்.
உட்கார்ந்தால் தூக்கம் என்று எழுதிவிடுவார்கள்.
அன்று உட்கார்வதுதான் வேலை.
தும்மக்கூட யோசனையாக இருந்தது.
தும்மினேன். மேலே ஏதோ கிறீச்சிட்டது.
பெட்டிக்குள் தண்ணீர் வந்து பாதத்தை விசாரித்தது,
பிறகு காலை, பிறகு பையிலிருந்த பீடிக்கட்டை.
ஒரு பூவரசங்கிளை, ஒரு குடம்,
யாரோ ஒரு கட்சியின் பேனர், சிரித்த முகத்தோடு
என்னைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனது.
தூரத்தில் பறக்கும் ரயில் ஒன்று
விளக்கெரிய நின்றுவிட்டது. அதற்குள்ளும்
எழுந்திருக்க முடியாத யாரோ.

அவள் வராமலே போயிருக்கலாம்.
இதை மூன்று மணிக்கு நினைத்தேன்.
நினைத்தபின்னும் எழவில்லை. ஏன் என்று
இன்று வரை தெரியாது.
குளிர் விறைத்த காலுக்கு அப்போது
எழுந்திருப்பதும் வராது என்பது வேறு விஷயம்.

விடிந்தது என்று சொல்ல முடியாது, சாம்பல் கொஞ்சம் வெளுத்தது.
தோளில் சங்கிலியோடு வந்தாள்.
கடைக்காரன் ஷட்டரைத் திறக்கவில்லையாம்,
விடியும் வரை தட்டிக்கொண்டே நின்றாளாம்.
சக்கரத்தைக் கம்பத்தோடு மூன்று சுற்று சுற்றிக் கட்டினாள்.
"எந்திரி."

எழுந்தேன்.
ராட்டினம் ஒரு சாண் அசைந்தது. நின்றது.

மழை விட்ட ஆறாம் நாள்
வண்டியை இறக்கி உதைத்தாள். பதினேழாவது உதையில் பிடித்தது.
பேண்ட்டில் தொடைக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு
துவைத்தும் போகவில்லை.
பொருட்காட்சி முழுக்க அதையேதான் போட்டிருந்தேன்.
இருந்தது அது ஒன்றுதான்.