ட்ராக் நாலு

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
டயர்க்கடை மாடியில் என் ரெக்கார்டிங் அறை.
கேரள பஸ் ஏர்ஹாரன் அடித்தால்
டேக்கை நிறுத்தி மறுபடி எடுப்போம்.
முட்டை அட்டை ஒட்டினால் ஹாரன் கேட்காது
என்று யாரோ சொன்னார்கள்.
யாரென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன்.

ஞானசிகாமணிக்கு முப்பது விநாடி வேண்டும்,
லோக்கல் கேபிளில் ஓட. நேந்திரங்காய் சிப்ஸ்.
இஞ்சிவிளையிலிருந்து ஷிபின் வந்தான்,
பாறசாலையில் வாடகைக்கு எடுத்த கீபோர்டோடு.
ராத்திரி பதினொன்று வரை குமிழ்களைத் திருகினான்.
புல்லாங்குழலை எடுத்து, அதன் மூச்சை அறுத்து,
மேலே கொஞ்சம் இரைச்சலைத் தூவி,
சீவிய காய் எண்ணெயில் விழுகிற
அந்த முதல் சுர்ர்.
"இந்த ஒச்சதான்!" ஞானசிகாமணி
நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.
(எங்களுக்கு ஓசை என்றால் ஒச்ச.
எல்லை தாண்டினாலும் ஒச்சதான்.)
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
கம்ப்யூட்டரில் சேமித்தேன். இரண்டு தடவை.

புதன்கிழமை திறந்தால்
எல்லாம் பியானோ.
குழல் பியானோ, வயலின் பியானோ,
தவில்கூட பியானோ, கீழ்க்கட்டைகளில்
கயிறறுத்த ஆடு போலத் துள்ளிற்று.
"இதென்ன, பள்ளிக்கூடப் பிரேயரா?" என்றார்.

கம்பி வழியே வந்தது ஒச்சையே அல்ல.
எந்தக் கட்டை, எத்தனை வேகம், எப்போது விட்டான்.
அறுபது. தொண்ணூற்றெட்டு. கால் மாத்திரை.
செக்போஸ்ட் நோட்டு மாதிரி:
வண்டி எண் உண்டு, நேரம் உண்டு,
டிரைவர் என்ன முணுமுணுத்தான் என்பது இல்லை.
முதல் பாருக்கு முன்னால் ஓர் எண் போட்டிருந்தால்,
அவன் திருகியதையெல்லாம் அந்தப் பெட்டியிடமே
கேட்டு வாங்கிக் கோப்பாக்கியிருந்தால்,
போகட்டும், அந்த நிமிஷமே ஒலியாக இறக்கியிருந்தால்.
இந்தத் தொழிலில் 'இருந்தால்'களை
லாரி லாரியாக ஏற்றலாம்.
எந்த செக்போஸ்ட்டிலும் பிடிக்க மாட்டார்கள்.

பாறசாலைக்கு பஸ் பிடித்தேன்.
வாடகைக்கடைப் பையன் சந்தோஷமாகச் சொன்னான்,
"எல்லாம் கிளீனாக்கி, சேச்சி. புதியது போலெ!"
ரீசெட் அடித்திருந்தான்.
கீபோர்டு நெய்யாற்றின்கரையில் ஏதோ கானமேளையில்,
ஒன்றும் நினைவில்லாமல்
யாருக்கோ வாசித்துக்கொண்டிருந்தது.

ஷிபினுக்கும் நினைவில்லை.
"கை செய்தது. நான் பார்க்கல்லே."
நூற்றிருபத்தெட்டு ஒலிகளையும் வரிசையாகக் கேட்டோம்.
எழுபத்துநாலு குழல், பரவாயில்லை.
நூற்றிருபத்துமூன்றில் கடற்கரை.
நூற்றிருபத்தாறில் ஹெலிகாப்டர்.
எதிலும் காய் வேகவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு
மைக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு
படந்தாலுமூட்டில் அவர் அடுப்படிக்கே போனோம்.
மரியசெல்வம் அக்கா வாணலிக்கு நேர்மேலே நின்று சீவினாள்.
பேச வேண்டாம் என்றேன். பேசவில்லை.
வளையல் பேசிற்று.
கழற்றி மாவுப்பானை மேல் வைத்தாள்.
முதல் டேக்கில் எண்ணெய் காயவில்லையாம்.
எனக்குத் தெரியவில்லை. ஞானசிகாமணி
கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.
இரண்டாவதில் கூடிப்போயிற்று.
நாலாவதில் தலையை ஆட்டினார்.

இப்போது முட்டை அட்டைமேல்
ஒரு காலண்டர் தாள் குத்தியிருக்கிறேன், பின்பக்கம்:
வயலின் நாற்பத்தொன்பது. குழல் எழுபத்துநாலு.
தவில், பத்தாவது சேனல், மறக்காதே.
ட்ராக் நாலு, எண்ணெய். எண் கிடையாது.
ஷிபின் வாசித்தது மொத்தம் பன்னிரண்டு கேபி.
எண்ணெய் மட்டும் ஒன்பது எம்பி.
இரண்டையும் இரண்டு பென்டிரைவில் போட்டாயிற்று.

மைக்கை மூன்று நாள் துடைத்தேன்.
நேற்று கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வந்த பெண்
முதல் வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு,
பசிக்குது சேச்சி என்றாள்.