எழுத்துக் கூலி

ஒரு எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை.
'ஸ்ரீ' வந்தால் இரண்டாகக் கணக்கு.
அதிபர் முகத்தைச் சுளித்துத்தான்
ஒப்புக்கொண்டார்.

மண்டபத்தின் மேற்குச் சுவரில் தேக்குப் பலகை.
திருகோணமலைக் காற்று உப்பைத் தடவித் தடவி
பழைய பெயர்களின் காலையும் கொம்பையும்
தின்றிருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
தன் கொம்பு முழுசாய் இருக்கும் தைரியத்தில்
என் பெயின்ற் டின்னை முகர்ந்துவிட்டுப் போனது.

பதினொரு வரிக்கு இடம்.
பட்டியலில் பதினாலு பட்டதாரிகள்.
'நெருக்கி எழுதுங்கோ' என்றார் அதிபர்.
நெருக்கம் அவர்களுக்குப் புதிதா?
ஒரு வாங்கில் ஐந்து பேர்,
ஒரு புவியியல் புத்தகத்துக்கு மூன்று பேர்,
மழைக்காலத்தில் ஒரு குடைக்கு
எத்தனை பேரென்று கணக்கில்லை.

மு. ஜெஸீமா, மயக்க மருந்து நிபுணர்.
கிண்ணியாவில் ஆறு மணிப் பாதை தவறினால்
அன்றைக்கு அவளுக்கு முதலாம் பாடம் இல்லை.
பாலம் வந்து பாதை ஓய்ந்த பிறகும்
அவள் தொழில் அதுதான்:
கண்ணை மூடச் சொல்லி அக்கரைக்கு ஏற்றுவது,
மூச்சை எண்ணி எண்ணி
இக்கரையில் திரும்ப இறக்குவது.

அனற் றொசாரி, மாவட்ட நீதிபதி.
ஐந்தாம் வகுப்பில்
அழிறப்பர் களவு போன வழக்கை விசாரித்து
சாட்சி போதாதென்று
என்னை விடுதலை செய்தவள்.
நான்தான் எடுத்தேன்.

திருக்கடலூர் நித்திலவல்லி
திமிங்கிலம் எண்ணுகிறாள்.
தகப்பன் பிடித்ததை எண்ணி விற்றார்,
மகள் எண்ணிவிட்டுப் போகவிடுகிறாள்.
'இதுக்கும் பட்டமோ?' என்று
இன்னும் கேட்கிறாராம்,
கேட்கிற எல்லாருக்கும் அவரே பதிலும் சொல்கிறாராம்.

யோகமலருக்கு நாற்பத்தொரு வயதில் பட்டம்.
மூன்று பிள்ளைகளைப் படுக்கவைத்து
மா அரித்த கையோடு படித்தது.
அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்
அடைப்புக்குறிக்குள் 'வெளிவாரி' என்றிருந்தது.
'அடைப்புக்குறிக்கும் காசோ?'
'ஓம், ரெண்டு பக்கத்துக்கும்' என்றேன்.
அதிபர் பேனையை எடுத்து
அதை வெட்டிவிட்டார்.
என் வாழ்நாளில் நான் சொன்ன
நல்ல பொய் அது.

கடைசி வரியில் 'வாமலோஜினி'.
தட்டச்சுப் பிழை.
வாமலோசனி.
எனக்குத் தெரியும், என் வலப்பக்கம் இருந்தவள்.
படம் கீற வராது அவளுக்கு.
கொட்டியாரக் குடாவை ஒவ்வொரு தவணையும்
நான்தான் கீறிக் கொடுப்பேன்,
கணக்கை அவள் எனக்குச் செய்து தருவாள்.
பரீட்சை மண்டபத்தில் எங்களைத்
தள்ளித் தள்ளி இருத்தினார்கள்.
அதன் பிறகு அவள் போனாள், நான் நின்றேன்.
இன்று அதே குடாவின் ஆழத்தை அளந்து
கடல் வரைபடம் செய்கிறாள்.
அதை நம்பிக் கப்பல்கள் இரவிலும் உள்ளே வருகின்றன.

யாரையும் கேட்காமல் திருத்தி எழுதினேன்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு மழை.
பொன் மை காயவில்லை.
வந்தவள் பலகையடியில் நின்று
தன் பெயரை விரலால் வாசித்தாள்.
'ச'வில் கொஞ்சம் கூட நேரம்.
ஒலிவாங்கிக்குப் போகையில்
சுட்டுவிரல் நுனியில் பொன்.
சேலையில் துடைக்கவில்லை.
பேச்சு முழுக்க அந்த விரல்
துறைமுகத்தைக் காட்டியது,
பின்வரிசைப் பிள்ளைகளைக் காட்டியது,
கதவோரம் ஏணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கம்
ஒருமுறை வந்து
என்னவோ மறந்ததுபோல் நின்றது.

அந்த 'ச'வுக்கு மறுபடி பூச வேண்டும்.
கூலி கேட்பதா விடுவதா என்று
உட்துறைமுக வீதி முடியும்வரை
யோசித்துக்கொண்டு வந்தேன்.