பத்து லட்சத்தில் தொண்ணூறு

சைமா ஏரிக்கரைத் தொழிற்சாலையில்
ஜூன் மாதத்துக்கு இரவு கிடையாது.
பத்தரை மணிக்கும் ஜன்னலில் வெயில் நிற்கிறது,
எழுந்து போக மனமில்லாத விருந்தாளி மாதிரி.

ஒய்வா கூப்பிட்டான்:
"தைமி, தொட்டி மறுபடி உறைந்துபோச்சு."

எட்டு மணி நேரம் நீராய்க் கிடக்க வேண்டியது
நாலாவது மணியில் தயிர்.
கரண்டியைக் குத்தினால் கரண்டி நிற்கிறது.
நூற்றறுபது கிலோ சிலிக்கோன்,
அதற்குள் எங்கோ
இரண்டு கல்யாண மோதிரத்துக்குக் காணும் பிளாட்டினம்.

யோசித்தால் எங்கள் தொழிலே வினோதம்.
ஒட்டாமல் இருப்பதற்கென்றே ஒன்றைக்
காகிதத்தில் ஒட்டவைக்கிறோம்.
மீன் டப்பாவின் லேபிள், மருந்துச் சீசாவின் லேபிள்,
பார்சலின் மேல் யாரோ ஒருத்தியின் பெயர்:
அதுவரை பட்டும் படாமலும் தாங்கியிருந்து
ஒரே இழுப்பில் விட்டுக்கொடுக்க வேண்டும்.
விட்டுக்கொடுப்பதைத்தான்
ரோல் ரோலாக விற்கிறோம்.

வினையூக்கி என்று பெயர்.
வேலையில் பாதி, அதை ஊக்காமல் வைத்திருப்பது.
தொட்டியில் தூங்க வேண்டும்.
அடுப்பில், நூற்றைம்பது டிகிரியில்,
இரண்டு விநாடிக்குள் விழிக்க வேண்டும்.
அதற்கென்று ஒரு தடுப்பான் சேர்க்கிறோம்,
பிளாட்டினத்தின் மடியில் ஏறி உட்கார்ந்து
சூடு பட்டதும் இறங்கிப் போகிற சின்ன மூலக்கூறு.
போகாவிட்டால் குற்றம்.
முன்னாடியே போனாலும் குற்றம்.

மூன்று வாரமாக அதைத்தான் சந்தேகப்பட்டேன்.
கூட்டினேன்: அடுப்பைவிட்டு வந்த காகிதத்தில் பிசுக்கு.
குறைத்தேன்: தயிர்.

இன்றுதான் புதுக் கிடங்குக்குப் போனேன்.
வடமேற்கே பெரிய ஜன்னல், எல்லாரும் பாராட்டியது.
அதன் அடியில் போன மாதத்துக் கேன்,
கழுவ மறந்தது.
இளமஞ்சளாய் இருக்க வேண்டிய மிச்சம்
கொதித்துக் கொதித்து ஆறிய தேநீர் நிறத்தில்.
குலுக்கினேன். கறுப்பாய்த் துகள் எழுந்து சுழன்றது.
வெயிலில் துணையை இழந்த பிளாட்டினம்
தன்னோடு தானே கூடிக்கொண்டு
வெறும் உலோகமாய் அடியில் கிடந்தது.

இது செத்த சரக்கு.
செத்தது எப்படித் தொட்டியை உறையவைக்கும்?

ஒய்வா கையுறையைக் கழற்றினான்.
மறுபடி மாட்டிக்கொண்டான்.
"போன மாதம் ரோல் காயவே இல்லை.
கட்டைவிரல் வைத்துத் தேய்த்தால் வழித்துக்கொண்டு வந்தது.
தொண்ணூறை நூற்று நாற்பதாக்கினேன்.
காய்ந்தது."
"எழுதினாயா?"
ஏரியைப் பார்த்தான்.

கேன் மாறிவிட்டது, அளவு மாறவில்லை.
சோம்பேறிக்கு ஓங்கிய கோலைச்
சுறுசுறுப்பானவன் முதுகில் வாங்கிக்கொண்டிருந்தான்.

கத்தத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் கேட்டான்:
"ராத்திரி இரண்டு மணிக்கு
ஃபோன் பண்ணியிருந்தால் எடுத்திருப்பாயா?"

எடுத்திருக்க மாட்டேன்.

கேன்களைச் சுமந்து இறங்கினோம்,
பனிச்சறுக்குக் கட்டைகள் குவித்திருந்த நிலவறைக்கு.
கறுப்புத் தாளைச் சுற்றினேன்.
துணை கூடுதலாய்ச் சேர்த்த கரைசல் வேண்டுமென்று
சப்ளையருக்கு எழுத வேண்டும், திங்கட்கிழமை.
பதிவேட்டில் தொண்ணூறு என்று போட்டுக்
கீழே இருவரும் கையெழுத்திட்டோம்.
அவன் எழுத்து என்னுடையதைவிட அழகு.
இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

வினை முடிந்ததும் போனபடியே திரும்புவது வினையூக்கி
என்று படித்துத்தான் பாஸானேன்.
எங்களுடையது திரும்புவதில்லை.
பூச்சோடு பூச்சாய் இருந்துவிடும்,
யாரோ லேபிளை உரித்து
மிச்சக் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் எறியும்வரை.
எறிந்த பிறகும்.

புதுத் தொட்டி. ஐந்தாவது மணி.
கரண்டியை நிறுத்திப் பார்க்கிறேன்,
சாய்ந்து விழுகிறது.
ஒய்வாவின் ஷிஃப்ட் முடிந்து நாற்பது நிமிஷமாகிறது.
இன்னும் போகவில்லை.
"மறுபடி நிறுத்து" என்கிறான்.