குதிகால்

ஆண்களுக்குத் தெரியாத ஓர் உட்காரும் முறை இருக்கிறது.
வலது குதிகாலை மடக்கி அடியில் கொடுத்து
அதன் மேல் உடம்பை இறக்கிவிட வேண்டும்.
அப்படி உட்கார்ந்துதான் பதினோரு வருஷம்
மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில்
சங்கராவும் கிழங்கானும் ஆய்ந்து கொடுத்தேன்.
முன்னால் அருவாமனை, கீழே குதிகால்.
எழுந்தால் அது இறங்கும்.
தும்மினால் இறங்கும்.
கூடையைத் தலைக்கு ஏற்றும்போது
யாராவது ஒரு கை கொடுத்தால்
கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

அதற்கு எங்கள் பக்கம் பெயர் உண்டு.
அடி தள்ளுது என்பார்கள்.
என்பார்கள் என்றால், யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
பெயர் வைத்தும் கூப்பிடாத பிள்ளை மாதிரி
என்னோடேயே அலைந்தது.

மூன்றாவதைப் பெற்ற எட்டாம் நாள்
தடைக்காலம் முடிந்து போன படகெல்லாம் கரைக்கு வந்தன.
அறுபத்தொரு நாள் கடன்.
வாசலில் வட்டிக்காரன்.
"பச்ச உடம்பு" என்றாள் மாமியார்,
சொல்லிக்கொண்டே
சும்மாட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

அவர் எதுவும் கேட்கவில்லை.
பாயை வெளிப்பக்கம் போட்டுக்கொண்டார்.
ஒரே ஒருமுறை "ஒன்கிட்ட நாத்தம்" என்றார்.
மீனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.
கண்டக்டர்களும் அதையேதான் சொல்கிறார்கள்,
அவர்களோடு நான் குடும்பமா நடத்தினேன்?

கோரிமேட்டுக்குப் போன அன்று கூடை இல்லை.
மூன்று தடவை சோப்புப் போட்டு
மகளுடைய பவுடரைக் கழுத்துவரை அப்பிக்கொண்டு ஏறினேன்.
பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள்.
காற்றுக்காக இருக்கலாம்.
முள்ளோடை வந்ததும் நாலைந்து ஆம்பளைகள் இறங்கினார்கள்,
கடை திறக்கும் முன்பே போய் நிற்க.
எங்கே போகிறாய் என்று
அவர்களிடம் கேட்க ஒருத்தரும் இல்லை.
நான் கண் காட்டப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.
ஒரு பெண் கூசாமல் காட்டக்கூடியது கண்தானே.

டாக்டருக்கு என் மூத்தவள் வயசிருக்கும்.
எவ்வளவு நாளா இருக்கு?
பதினொண்ணு.
பதினோரு மாசமா?
வருஷம்மா.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
பின்னால் ஆறு பிள்ளைகள் படிக்க வந்தவர்கள்.
அதில் ஒருத்தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பாவம், அவனுக்குத்தான் வெட்கம்.
எனக்கு அங்கே தீர்ந்துபோயிருந்தது.

சர்க்கரை குறைந்த பிறகுதான் ஆபரேஷன்.
அதுவரைக்கும் ஒரு வளையம்,
குக்கர் மூடிக்குப் போடுகிற ரப்பர் மாதிரி,
உள்ளே வைத்தாள்.
"கனம் தூக்கக் கூடாது" என்றாள்.
"மீனு தானா நடந்து வராதேம்மா" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

எழுந்து நின்றேன்.
காத்திருந்தேன்.
எதுவும் இறங்கவில்லை.
வராந்தாவில் ஒருமுறை வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன், கடலூர் வரைக்கும்.
கண்டக்டர் பார்த்தான்.
பார்க்கட்டும், டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

மறுநாள் தேசம்மாவிடம் சொன்னேன்,
ஒரு கொடுவாயின் வயிற்றைக் கீறிக்கொண்டே,
குரலைத் தாழ்த்தாமல்.
அடி தள்ளுதுன்னு போனேன், வளையம் போட்டாங்க.
ஐஸ் உடைக்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.
தேசம்மா நிமிரவில்லை.
அவள் கையில் செதில் தெறித்துக்கொண்டிருந்தது.
தினமும் எனக்கு எதிர் வரிசையில்தான் உட்காருகிறாள்,
இன்றைக்குத்தான் பார்த்தேன்
புடவைக்குள் மடங்கியிருந்த
அவளுடைய இடது குதிகாலை.

ஒரு ஆள் வந்து வவ்வால் விலை கேட்டு
வாங்காமல் போனார்.
வாளித் தண்ணீரைச் சாய்த்துக் கையைக் கழுவினாள்.
பிறகு மீனிடம் கேட்பது போலக் கேட்டாள்:
"காலைல மொத பஸ்சு எத்தினி மணிக்கு?"